வேட்புமனுவுக்கு முன்னால் வீட்டுவரி ரசீது
ஊராட்சித் தேர்தல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாட்டில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போனதிலிருந்தே “நான் நிற்கலாமா?” என்று கேட்டு வரும் கடிதங்கள் கூடிவிட்டன. பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்கள் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ஐ ஒட்டியவை. நகராட்சி, மாநகராட்சிக்குச் சட்டமும் டெபாசிட்டும் வேறு.

கல்யாணமாகி ஆறு வருடமாகப் புகுந்த வீட்டில் இருக்கிறேன். ஓட்டு மட்டும் அம்மா வீட்டு ஊரில் இருக்கிறது. இங்கே தலைவர் பதவிக்கு நிற்க முடியுமா?
— வாசகி, உசிலம்பட்டி

இன்றைய நிலையில் முடியாது. எந்த ஊராட்சியில் நிற்கிறீர்களோ அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, கணவர் பெயரிலுள்ள வீட்டுப் பத்திரம் எதுவும் இதற்கு ஈடாகாது.

உள்ளாட்சிக்கென்று தனியாக யாரும் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதுவதில்லை. சட்டமன்றத் தொகுதிக்கான பட்டியலை எடுத்து, அதை ஊராட்சி வார்டு வாரியாகப் பிரித்து அடுக்கி மாநிலத் தேர்தல் ஆணையம் வெளியிடுகிறது. ஆகவே முதலில் சட்டமன்றப் பட்டியலில் பெயர் இடம் மாற வேண்டும். அதற்கு நீங்கள் தர வேண்டியது படிவம் 8. முகவரி மாற்றமும் திருத்தமும் அதில்தான். புதிதாகச் சேருபவர்களுக்கான படிவம் 6-ஐ நிரப்பிவிடாதீர்கள். அம்மா வீட்டு ஊரில் பெயர் அப்படியே கிடக்க, இங்கேயும் ஒன்று ஏறினால் இரட்டைப் பதிவு ஆகிவிடும். அது குற்றம், எதிர்த்து நிற்பவருக்கு நீங்களே எடுத்துக் கொடுக்கும் ஆயுதமும்கூட.

விண்ணப்பத்தை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ இணையத்திலோ தரலாம். ஆட்சேபணைக்கு ஒரு வாரம் விட வேண்டும், நேரில் வந்து விசாரிக்க வேண்டும், அதன் பிறகுதான் உத்தரவு. தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாது. 2019-இல் மனுத்தாக்கல் டிசம்பர் 9-இல் தொடங்கி 16-இல் முடிந்தது. 2021-இல் ஒன்பது மாவட்டங்களுக்கு நடந்தபோது செப்டம்பர் 15 முதல் 22 வரை. எட்டே நாள், அதற்குள் விடுமுறையும் வரும்.

2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் ஏராளமான பெயர்கள் நீக்கப்பட்டிருக்கின்றன. “போன தேர்தலில் ஓட்டுப் போட்டேனே” என்பதை நம்பி யாரும் இருக்க வேண்டாம். பட்டியலைத் திறந்து பெயரைக் கண்ணால் பாருங்கள்.

என் ஓட்டு 2-ஆவது வார்டில். 5-ஆவது வார்டு உறுப்பினருக்கு நிற்கலாமா?
— வாசகர், மணப்பாறை

நிற்கலாம். வேட்பாளர் அதே ஊராட்சியின் எந்த வார்டு வாக்காளராகவும் இருக்கலாம். ஆனால் உங்களை முன்மொழிகிறவர் 5-ஆவது வார்டு வாக்காளராக இருக்க வேண்டும். இங்கேதான் பல மனுக்கள் விழுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர், மைத்துனர் என்று கைக்குக் கிடைத்தவரிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அவர் எந்த வார்டு என்று பார்ப்பதில்லை. தெருவின் ஒரு பக்கம் ஒரு வார்டு, எதிர்ப்பக்கம் இன்னொரு வார்டு என்று பிரிந்துகிடக்கும் ஊர்கள் உண்டு.

இன்னொன்று. மனுவில் எழுத வேண்டிய பாகம் எண்ணும் வரிசை எண்ணும் உள்ளாட்சிப் பட்டியலில் இருப்பவை. சட்டமன்றத் தேர்தலுக்கு வந்த பூத் சீட்டு வீட்டில் பத்திரமாக இருக்கும். அதைப் பார்த்து எழுதினால் இரண்டு எண்ணும் தப்பாகிவிடும். எண் தவறியதற்காக மட்டும் மனுவைத் தள்ளிவிட மாட்டார்கள் என்றாலும், பரிசீலனை அறையில் நின்று தேடிக்கொண்டிருக்கும் நிலை எதற்கு?

வீட்டுவரி மூன்று வருடம் பாக்கி. வீடு இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. மனு தள்ளுபடி ஆகுமா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

சட்டம் சொல்வதைப் பிரித்துப் பாருங்கள். ஊராட்சிக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கி, முந்தைய நிதியாண்டு முடிய உள்ளது, அதற்குக் கேட்பு பில்லோ நோட்டீஸோ முறைப்படி உங்களிடம் சேர்ந்திருக்கிறது, அதில் கொடுத்த கெடுவும் தாண்டிவிட்டது. இவ்வளவும் சேர்ந்தால்தான் தகுதியின்மை. டிசம்பரில் மனுப் போடுகிறீர்கள் என்றால் கடந்த மார்ச் 31 வரையிலான பாக்கிதான் கணக்கு.

எனவே நோட்டீஸே வராத பாக்கிக்காகத் தள்ளினால் வாதாட இடமிருக்கிறது. அப்பா பெயரிலுள்ள வரிவிதிப்புக்கு நீங்கள் பொறுப்பா என்பதிலும் வாதாடலாம். வாதாடலாம் என்றுதான் சொல்கிறோம். அதை நம்பி மனுப் போடுங்கள் என்று சொல்லவில்லை. கிராம வீட்டுவரி மூன்று வருடத்துக்குச் சேர்த்தாலும் வக்கீல் ஒருமுறை வாயைத் திறப்பதற்கு ஆகும் செலவுகூட வராது. கட்டிவிடுங்கள். அப்பா பெயரிலேயே கட்டலாம். பெயர் மாற்றத்தைப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுவரி மட்டும் கட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். குடிநீர்க் கட்டணம், தொழில்வரி, ஊராட்சிக் கடை வாடகை, ஏலம் எடுத்த குளம் அல்லது புளியமரத்தின் குத்தகைத் தொகை எல்லாமே ‘ஊராட்சிக்குச் சேர வேண்டிய பாக்கி’தான். குடிநீர்க் கட்டணத்தை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். எல்லாம் கட்டிய பிறகு ஊராட்சிச் செயலரிடம் நிலுவை இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். ரசீதில் தேதி முக்கியம்: மனுவைக் கொடுப்பதற்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு ‘ரசீது நாளைக்கு’ என்றால் விடாதீர்கள். ஊராட்சி வரிகளை இணையத்தில் செலுத்தும் வசதியும் இருக்கிறது, அதில் ரசீது அப்போதே கிடைத்துவிடும். மின்கட்டணமும் கூட்டுறவுச் சங்கக் கடனும் இந்தக் கணக்கில் வராது.

எட்டாவது வரைதான் படித்திருக்கிறேன். மூன்று பிள்ளைகள். இரண்டுக்கு மேல் இருந்தால் நிற்க முடியாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
— வாசகி, அரூர்

அது வேறு மாநிலத்துச் சமாச்சாரம். மகாராஷ்டிரம் போன்ற சில மாநிலங்களில் இரண்டு பிள்ளைக் கட்டுப்பாடு உண்டு. அரியானா 2015-இல் படிப்புத் தகுதியைக் கொண்டுவந்தது. பொதுப்பிரிவு ஆண் வேட்பாளர் பத்தாவது தேறியிருக்க வேண்டும், வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும் என்றெல்லாம் விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. ராஜஸ்தானும் படிப்பு விதி வைத்திருந்து 2019-இல் எடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் இந்த இரண்டு நிபந்தனையும் கிடையாது. பள்ளிக்கூடமே போகாதவரும் நிற்கலாம்.

21 வயது எந்தத் தேதிக்கு நிறைய வேண்டும்?
— வாசகர், கடையம்

மனுக் கொடுக்கும் அன்று நிறைந்திருந்தால் எந்தச் சிக்கலும் வராது. ஓட்டுப் போடும் நாளுக்குள் நிறையும் என்ற கணக்கு உதவாது. ஓட்டுரிமை 18-இல் வந்துவிடுவதால் இந்த மூன்று வருட இடைவெளியை மறந்துவிடுகிறார்கள். வாக்காளர் பட்டியலில் வயது ஒன்றாகவும் பள்ளிச் சான்றிதழில் ஒன்றாகவும் இருந்தால் இப்போதே திருத்துங்கள். அதற்கும் படிவம் 8-தான். மேல் வரம்பு இல்லை. 2021-இல் உங்கள் தென்காசி மாவட்டத்து வெங்கடாம்பட்டியில் 22 வயதுப் பெண்ணும், திருநெல்வேலி மாவட்டத்துச் சிவந்திபட்டியில் 90 வயது மூதாட்டியும் தலைவரானார்கள்.

எங்கள் ஊராட்சி ‘எஸ்.சி. பெண்’ ஒதுக்கீடு ஆகப்போவதாகப் பேச்சு. என் மனைவி ஆதிதிராவிடர், நான் வேறு சாதி. அவர் நிற்கலாமா? சான்றிதழ் யார் பெயரை வைத்துத் தருவார்கள்?
— வாசகர், செய்யாறு

நிற்கலாம். சாதி பிறப்பால் வருவது, கல்யாணத்தால் மாறுவதில்லை. உங்கள் மனைவிக்கு அவருடைய பெற்றோரை வைத்துத்தான் சான்றிதழ். தாலுகாவில் கணவர் பெயரைப் போட்டு விண்ணப்பித்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ், அப்பா அல்லது கூடப்பிறந்தவர்களின் சாதிச் சான்றிதழ் இவற்றைக் கொடுங்கள். இதே காரணத்தால், எஸ்.சி. ஆண் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்ட மற்ற சாதிப் பெண் அந்த ஒதுக்கீட்டில் நிற்க முடியாது.

எஸ்.சி. சான்றிதழை வட்டாட்சியர் தருகிறார். பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர். பழங்குடிச் சான்று கேட்டு விசாரணையிலேயே மாதக்கணக்கில் கிடப்பது வழக்கம் என்பதால், அவர்கள் தேர்தல் அறிவிப்புக்குக் காத்திருக்கவே கூடாது. இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே எஸ்.சி. பட்டியலில் வருவார்கள். கிறிஸ்தவராக மதம் மாறியவருக்கு எஸ்.சி. இடத்தில் நிற்கத் தகுதியில்லை. பழைய சான்றிதழைக் காட்டி ஜெயித்தாலும் பின்னால் பதவி போகும். பழங்குடியினருக்கு இந்த மத நிபந்தனை இல்லை.

‘பேச்சு’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊராட்சி யாருக்கு என்பது மாவட்ட அரசிதழில் வெளியாகும்போதுதான் உறுதி. மக்கள்தொகை விகிதப்படி எஸ்.சி., எஸ்.டி.க்கும், 2016-இல் வந்த சட்டத்திருத்தப்படி மொத்தத்தில் பாதி பெண்களுக்கும் என்று பிரித்து, சுழற்சியில் வைப்பார்கள். டீக்கடைப் பட்டியலை நம்பி நோட்டீஸ் அடித்தவர்கள் அதை எடைக்குத்தான் போட வேண்டியிருக்கும். பொது இடத்தில் எஸ்.சி. வேட்பாளரும் பெண்ணும் தாராளமாக நிற்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். ‘இது உங்களுக்கான சீட் இல்லையே’ என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. ஒதுக்கீடு கிடைத்துவிட்டால் மட்டும் பாதை திறந்துவிடுவதும் இல்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டு காலம் தேர்தலையே நடக்கவிடவில்லை. 2006-இல்தான் நடந்தது. மிரட்டல் இருந்தால் மனுக் கொடுக்கும்போதே தேர்தல் நடத்தும் அலுவலரிடமும் காவல்துறையிடமும் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். மருமகள் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நூறு நாள் வேலைக்குப் போகும் என் தங்கையும் கேட்கிறாள். எங்களில் யார் நிற்கலாம்?
— வாசகர், பெரம்பலூர்

நீங்கள் நிற்கலாம், ஓய்வூதியம் தடையில்லை. தங்கை நிற்கலாம்; நூறு நாள் வேலை அட்டை வைத்திருப்பது அரசுப் பணி ஆகாது. மருமகள் பணியில் இருந்துகொண்டு நிற்க முடியாது. ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது. அது ஏற்கப்பட்டு, பணியிலிருந்து விடுவித்த உத்தரவு மனுவுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். தோற்றால் வேலை திரும்பி வராது என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

ஊராட்சியில் சிமெண்ட் சாலை வேலை எடுத்திருக்கிறேன். வேலை முடிந்துவிட்டது, பில் மட்டும் பாக்கி.
— வாசகர், விருத்தாசலம்

ஊராட்சியோடு நடப்பில் உள்ள ஒப்பந்தத்தில் பங்கோ ஆதாயமோ இருப்பவர் அந்த ஊராட்சியின் பதவிக்கு நிற்க முடியாது. ரோடு போட்டு முடித்துவிட்டதாலேயே ஒப்பந்தம் முடிந்ததாகாது. இறுதி அளவீடு, பில், பராமரிப்புக் காலம், பிடித்தம் வைத்த தொகை என்று அது நீண்டுகொண்டே போகும். இறுதிப் பில்லை வாங்கி, ஒப்பந்தம் முடிந்ததாக ஒன்றிய அலுவலகத்தில் எழுத்துமூலம் பெறுங்கள். கடைசி நேரத்தில் தம்பி பெயருக்கு மாற்றிவிட்டுப் பணம் உங்கள் கணக்குக்கே வந்தால், அதுவும் உங்கள் ஆதாயம்தான். பரிசீலனை அன்று இந்தக் கேள்வியை எழுப்பப் போகிறவர் டெண்டர் கிடைக்காத இன்னொரு ஒப்பந்தக்காரராகத்தான் இருப்பார். அவரிடம் எல்லா நகலும் இருக்கும்.

டெபாசிட் எவ்வளவு? எவ்வளவு செலவு செய்யலாம்? கட்சிச் சின்னம் கிடைக்குமா?
— வாசகர்கள் பலர்

2019-இல் இருந்த தொகைகளைச் சொல்கிறோம். அடுத்த தேர்தலுக்கான தொகையை ஆணையத்தின் அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், செலவு வரம்பு 9,000. தலைவருக்கு 600 ரூபாய், வரம்பு 34,000. ஒன்றியக் கவுன்சிலருக்கும் டெபாசிட் 600-தான், ஆனால் வரம்பு 85,000. மாவட்டக் கவுன்சிலருக்கு 1,000 ரூபாயும் 1,70,000-மும். எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளர்களுக்கு டெபாசிட் பாதி; பொது இடத்தில் நின்றாலும் பாதிதான். சாதிச் சான்றிதழைக் காட்ட வேண்டும்.

வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் இரண்டும் கட்சி சார்பற்ற தேர்தல். ஆணையம் வைத்திருக்கும் பொதுச் சின்னங்களிலிருந்து ஒன்று தருவார்கள். ஒரே சின்னத்தை இருவர் கேட்டால் குலுக்கல். ஒன்றியம், மாவட்டம் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் உண்டு. அதற்குக் கட்சியின் அங்கீகாரக் கடிதம் குறித்த நேரத்துக்குள் அலுவலரிடம் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் சுயேச்சையாகத்தான் நிற்க வேண்டியிருக்கும். ஒன்றியத் தலைவர், மாவட்ட ஊராட்சித் தலைவர், கிராம ஊராட்சித் துணைத்தலைவர் பதவிகளுக்கு நேரடியாக மனுப் போட முடியாது; ஜெயித்த உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள்.

என்மேல் அடிதடி வழக்கு ஒன்று நடக்கிறது.
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

நடக்கிற வழக்கு தடையில்லை. தண்டனைத் தீர்ப்புதான் தடை. அதுவும் குற்றத்தின் தன்மையையும் தண்டனைக் காலத்தையும் பொறுத்தது என்பதால், தீர்ப்பாகியிருந்தால் நகலோடு வக்கீலைப் பாருங்கள். வழக்கை உறுதிமொழிப் பத்திரத்தில் மறைக்காமல் எழுதுங்கள். குற்ற எண், காவல் நிலையம், நீதிமன்றம், பிரிவுகள் எல்லாம் வேண்டும். இந்தப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாகவோ கோடு கிழித்தோ விடாதீர்கள். கடன் இல்லையா, ‘இல்லை’ என்று எழுதுங்கள். நகை, நிலம், மனைவி பெயரிலுள்ள வண்டி வரை எழுத வேண்டியிருப்பதால் ஓர் இரவில் நிரப்புகிற காரியமல்ல இது.

பரிசீலனையில் மனுவைத் தள்ளிவிட்டால் உடனே ஹைகோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கலாமா?
— வாசகர், நாங்குநேரி

பெரும்பாலும் நடக்காது. தேர்தல் தொடங்கிவிட்டால் நீதிமன்றங்கள் குறுக்கிடக் கூடாது என்று அரசியலமைப்பின் 243-ஓ பிரிவு சொல்கிறது. முடிவு வந்த பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடுவதுதான் வழி, அது இழுக்கும். ஆகவே சண்டையைப் பரிசீலனை அறையிலேயே போட்டாக வேண்டும்.

அன்று வேட்பாளரும் முன்மொழிந்தவரும் நேரில் இருங்கள். அசல் சான்றிதழ்கள், வரி ரசீதுகள், டெபாசிட் ரசீது, வாக்காளர் பட்டியலின் உங்கள் பக்கம், முன்மொழிந்தவரின் பக்கம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்திருங்கள். எழுத்துப்பிழை, இனிஷியல் மாறியது போன்ற சில்லறைக் குறைகளுக்காகத் தள்ளக் கூடாது என்பது விதி. அதை அமைதியாகச் சுட்டிக்காட்டுங்கள். கையெழுத்தில்லாமை, முன்மொழிபவர் வேறு வார்டு, டெபாசிட் கட்டாமை, சாதிச் சான்று இல்லாமை போன்றவை சில்லறைக் குறைகள் அல்ல, பிறகு சரிசெய்யவும் முடியாது. தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு நகல் வாங்குங்கள். அதில்லாமல் பின்னால் வழக்கு நிற்காது.

கடைசி நாள் மாலை 5 மணிக்கு மனு வாங்குவது நின்றுவிடும். முதல் இரண்டு நாளில் கொடுத்தவருக்கு, அலுவலர் புரட்டும்போது தெரிகிற குறையைச் சரிசெய்து வேறு மனுக் கொடுக்க அவகாசம் இருக்கும். நல்ல நேரம் பார்ப்பதென்றால் அந்த முதல் இரண்டு நாளுக்குள் பாருங்கள்.

2019-இல் நின்று தோற்றேன். செலவுக் கணக்குக் கொடுக்கவில்லை. தோற்றவனுக்கு என்ன கணக்கு என்று விட்டுவிட்டேன்.
— வாசகர், பரமக்குடி

ஜெயித்தவர், தோற்றவர், போட்டியின்றித் தேர்வானவர் எல்லாரும் முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். தராதவர்களை ஆணையம் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்ய முடியும். அந்த மூன்று ஆண்டு உத்தரவுத் தேதியிலிருந்து ஓடும், தேர்தல் தேதியிலிருந்து அல்ல. எனவே 2019-இல் நடந்தது தானே முடிந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். உங்கள் பெயரில் உத்தரவு ஏதும் உண்டா, எந்தத் தேதியிட்டது என்று ஒன்றிய அலுவலகத்தின் தேர்தல் பிரிவிலோ தகவல் உரிமைச் சட்டத்திலோ இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நோட்டீஸ் வந்து பதில் தராமல் விட்டிருந்தால் அதன் நகலையும் தேடியெடுங்கள்.

எங்கள் ஊரில் தலைவர் பதவியைக் கோயில் பணிக்காக ஏலம் விடுவது வழக்கம். அதிகம் கேட்டவரைத் தவிர யாரும் மனுப் போடக் கூடாது என்கிறார்கள். நான் போடலாமா?
— வாசகர், மேலூர் வட்டம்

போடலாம். ஊர்க் கட்டுப்பாடு என்று சட்டத்தில் ஒரு தகுதியின்மை கிடையாது. பணம் கொடுத்துப் போட்டியை விலக்குவது, அது கோயிலுக்கே போனாலும், தேர்தல் லஞ்சம். பாரதிய நியாய சன்ஹிதா 173-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரியது. விலகச் சொல்லி மிரட்டுவது தனிக் குற்றம். 2019-லேயே மாநிலத் தேர்தல் ஆணையம் இந்த ஏலங்களை எச்சரித்திருக்கிறது.

நடைமுறையில் சிக்கல் வருவது வேறு இடத்தில். இப்படிப்பட்ட ஊர்களில் முன்மொழியக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது, அல்லது போட்டவர் மறுநாள் ‘என் கையெழுத்தில்லை’ என்பார். வெவ்வேறு முன்மொழிபவர்களைக் கொண்டு ஒன்றுக்கு மேற்பட்ட மனுவாகக் கொடுத்துவையுங்கள். வாபஸ் பெறும் நாளன்று உங்கள் கையெழுத்திட்ட வெற்றுத் தாள் யாரிடமும் இருக்கக் கூடாது. ஏலம் நடந்ததற்கு நோட்டீஸ், ஒலிப்பதிவு, வீடியோ ஏதாவது இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கும் ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை ஃபைலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.